அறிவியல் வரலாற்று அருங்காட்சியக வளாகத்தை வடிவமைப்பது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றின் வெளிப்புற நிலத்தை வடிவமைக்கும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமாக நடப்பது இதுதான்: பணமும் கவனமும் கட்டடத்துக்கும் காட்சிக்கூடங்களுக்கும் போய்விடும். மிச்சமிருக்கும் நிலத்தில் புல்தரை போட்டு, நடுவில் ஒரு நீரூற்று வைத்து, வாசலில் ஒரு விஞ்ஞானியின் மார்பளவுச் சிலையை நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். கொஞ்சம் ஆர்வம் அதிகமானவர்கள் சறுக்குமரம், கப்பி, சுழலும் சக்கரம் என்று அறிவியல் விளையாட்டுப் பொருள்களை இறக்குவார்கள். இரண்டாவது பரவாயில்லை. ஆனால் அது அறிவியல் பூங்கா. நமக்குத் தந்திருக்கும் வேலை அறிவியலின் வரலாறு.

கப்பி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது அறிவியல் பூங்காவின் வேலை. ஒரு விஷயம் மனிதர்களுக்கு எப்படித் தெரியவந்தது, யார் எதைப் பார்த்தார், எங்கே தவறாகப் புரிந்துகொண்டார் என்று காட்டுவது வரலாற்று வளாகத்தின் வேலை. இதற்குத் திறந்தவெளியைவிடத் தோதான இடம் கிடையாது. உள்ளே இருக்கும் தொலைநோக்கியும் தராசும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன, தொட முடியாது. வெளியே இருக்கும் வெயில், நிழல், மண், செடி, தூரம் எல்லாம் அன்றைக்கு அவர்கள் பார்த்தபடியே இன்றைக்கும் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பொருளையும் வைக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இங்கே வந்து நிற்பவர், அன்று ஒருவர் பார்த்ததைத் தானும் பார்க்க முடியுமா? முடியும் என்றால் வையுங்கள். இல்லையென்றால் அது அலங்காரம்தான். அலங்காரமும் தேவைதான், ஆனால் அதற்குக் கடைசி இடம்.

முதல் வேலை: கதைகளைக் குறையுங்கள்

வரைபடத்தைத் தொடுவதற்கு முன் அருங்காட்சியகத்தின் காப்பாளரோடு உட்காருங்கள். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் கேளுங்கள். உள்ளே வானியல் கருவிகள் அதிகமென்றால் வெளியே நிழலும் வானமும் முக்கியம். மருத்துவம், வேதியியல் சேகரிப்பு என்றால் செடிகள். நில அளவைக் கருவிகள் என்றால் தூரமும் மேடுபள்ளமும்.

பட்டியலில் இருபது யோசனை வரும். சின்ன வளாகத்துக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். உள்ளே ஒரு பொருளும் வெளியே ஓர் இடமும் இணையாகப் பேசுகிற கதைகளை முதலில் எடுங்கள். பழைய நிழற்கடிகாரத்தைக் கூடத்தில் பார்த்தவர் வெளியே வந்து பெரிய நிழற்கடிகாரம் ஒன்றில் நேரம் பார்த்தால், பார்த்தது மறக்காது.

தவறிப்போன கதைகளைத் தயங்காமல் சேருங்கள். லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்த டைனோசர் சிலைகள் இன்றும் நிற்கின்றன. அங்கே இருக்கும் இகுவனடான் என்ற டைனோசருக்கு மூக்கின்மேல் ஒரு கொம்பு உண்டு. 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கொம்பு இல்லை, கட்டைவிரல் முள் என்று உறுதியானது. சிலையை யாரும் திருத்தவில்லை. உயிரியல் பாடமாகப் பார்த்தால் அது பிழை. அறிவியல் வரலாறாகப் பார்த்தால் அந்தப் பூங்காவிலேயே மதிப்பு மிக்க பொருள் அந்த மூக்குக் கொம்புதான். மரமும் நீரும் தீவுமாக இடத்தை அமைத்து, அந்த விலங்குகளை அவற்றின் காலத்துப் பாறை அடுக்குகளோடு சேர்த்துக் காட்ட அங்கே முயன்றிருக்கிறார்கள். நிலமே விளக்கப் பலகையாக வேலை செய்ததற்கு அது நல்ல முன்மாதிரி.

இரண்டாவது: நிலத்தைப் பாருங்கள், அவசரப்படாமல்

நில அளவை வரைபடம் வாங்குங்கள். உயரக் கோடுகள், இருக்கும் மரங்கள், நிலத்தடிக் குழாய்கள், மின்கம்பிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பழைய தொழிற்கூடமோ ஆய்வகமோ இருந்த இடமென்றால், மண்ணில் ஈயம், பாதரசம் போன்றவை இருக்கின்றனவா என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் இது வராது.

மழை பெய்யும்போது போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதை வரைபடத்தைவிட ஒரு பலத்த மழை தெளிவாகச் சொல்லும். தேங்கும் இடத்தை மேடாக்கிச் சண்டை போடுவதைவிட, அங்கே மழைநீர்ப் பாத்தி அமைத்து ஈரத்தைத் தாங்கும் செடிகளை வைப்பது நல்லது.

பெரிய மரங்களைக் காப்பாற்றுங்கள். நெஞ்சுயரத்தில் அடிமரத்தின் விட்டம் என்னவோ, அதைப்போல் 12 மடங்கு ஆரத்துக்குள் தோண்டுவதோ, மண் கொட்டுவதோ, லாரி ஓட்டுவதோ கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 50 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்குச் சுற்றிலும் 6 மீட்டர். வேலை தொடங்கும் முன்பே அந்த வட்டத்துக்கு வேலி போட்டுவிடுங்கள். ஒப்பந்தக்காரரிடம் வாயால் சொன்னால் போதாது.

அப்புறம் நிழல். ஜூன் 21 வாக்கிலும் டிசம்பர் 21 வாக்கிலும் கட்டடத்தின் நிழல் காலை, நண்பகல், மாலை எங்கே விழுகிறது என்று தரையில் குறியுங்கள். அந்தத் தேதிகள் வரை காத்திருக்க முடியாதென்றால் கணினியில் சூரியப் பாதையை ஓட்டிப் பார்க்கலாம். நிழற்கடிகாரம், செடிப் பாத்திகள், இருக்கைகள் மூன்றுக்கும் இந்த ஒரு வரைபடம்தான் ஆதாரம்.

உண்மையான வடக்கைக் கண்டுபிடித்தல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வானியல் தொடர்பான எதையும் நிறுவும் முன் சரியான வடக்குத் திசை தெரிய வேண்டும். திசைகாட்டி காந்த வடக்கைக் காட்டும். அது உண்மையான வடக்கிலிருந்து இடத்தைப் பொறுத்துச் சில பாகை விலகியிருக்கும், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். நில அளவையாளர் கருவியோடு வந்து குறித்துத் தரலாம். ஆனால் இதை ஒருமுறை பழைய முறையில் நீங்களே செய்து பாருங்கள். பிறகு இதையே பார்வையாளர்களுக்கான நிகழ்ச்சியாகவும் வைக்கலாம்.

சமமான தரையில் ஒரு மீட்டர் உயரக் குச்சியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நடுங்கள். குச்சியின் அடியை மையமாக வைத்து, காலை ஒன்பது மணி வாக்கில் நிழலின் நுனி எட்டும் தூரத்துக்குக் கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஓர் ஆணி. நேரம் ஆக ஆக நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போகும், பிற்பகலில் மறுபடி நீண்டு மறுபக்கம் வட்டத்தைத் தொடும். அங்கே இன்னோர் ஆணி. இரண்டு ஆணிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதன் நடுப்புள்ளியையும் குச்சியின் அடியையும் இணைத்தால் வடக்கு தெற்கு. ஜூன் 21, டிசம்பர் 21 என்ற சூரியத் திருப்புமுனைகளை ஒட்டிச் செய்தால் துல்லியம் கூடும், அந்த நாள்களில் சூரியனின் சாய்வு ஏறக்குறைய மாறாமல் இருப்பதால். நிழலின் நுனி மங்கலாகத்தான் விழும். குச்சியின் உச்சியில் சின்னத் துளையிட்ட தகடு ஒன்றைப் பொருத்தினால், நிழலுக்கு நடுவே ஓர் ஒளிப்புள்ளி கிடைக்கும். அதைக் குறிப்பது சுலபம்.

இந்த வடக்கு தெற்குக் கோட்டை வளாகத்தின் தரையில் நிரந்தரமாகப் பதிக்கலாம், கருங்கல்லிலோ பித்தளைப் பட்டையிலோ. லண்டனின் கிரீனிச் வானாய்வகத்தில் பூஜ்யத் தீர்க்கரேகையைக் குறிக்கும் அப்படி ஒரு கோட்டின் இருபக்கமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளத்தான் கூட்டம் வருகிறது. அங்கே நின்று கைபேசியின் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் தீர்க்கரேகை பூஜ்யம் காட்டாது. செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் பூஜ்யக் கோடு அதற்குச் சுமார் 102 மீட்டர் கிழக்கே போகிறது. பழைய அளவீடு அந்த இடத்து ஈர்ப்பின் செங்குத்துத் திசையை நம்பியது, புதியது பூமியின் மையத்தை வைத்துக் கணக்கிடுகிறது. ஒரு கோட்டுக்குள் இவ்வளவு வரலாறு. உங்கள் கோட்டுக்கும் பக்கத்தில் காந்த வடக்கைக் காட்டும் இன்னொரு கோட்டை வெவ்வேறு ஆண்டு குறித்து வைத்தால், அது நகர்வதை வருகிறவர்கள் கண்ணால் பார்ப்பார்கள்.

பாதைகள்

வாசலிலிருந்து கட்டடத்துக்கு ஒரு நேர்பாதை வேண்டும். மழையில் ஓடுபவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் கூட்டத்துக்கும் அதுதான் வழி. கதைகள் அந்தப் பாதையில் வேண்டாம். அதிலிருந்து பிரிந்து ஒரு சுற்று வந்து மறுபடி சேரும் பாதை ஒன்று போதும்.

அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டியிருக்காது. நடைபாதையின் சரிவு 20-க்கு 1 என்ற அளவைத் தாண்டாமல் பாருங்கள். கைப்பிடியுள்ள சாய்தளம் என்றால் 12-க்கு 1 வரை போகலாம். சரளைக் கல் பார்க்க அழகு, சக்கரத்துக்குத் தொல்லை. இறுக்கிய மண்தரையோ கல்தளமோ போடுங்கள். 50 மீட்டருக்கு ஓர் இருக்கை, அதுவும் நிழலில். இருக்கையில்லாத வெயில் வளாகத்தில் எவ்வளவு நல்ல கதை இருந்தாலும் யாரும் நிற்க மாட்டார்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வகுப்பு மாணவர்கள், அதாவது 30, 40 பேர், வட்டமாக நிற்க இடம் விட்டீர்களா? வடிவமைப்பாளர்கள் தனியாக உலாவும் ஒருவரை மனதில் வைத்தே வரைகிறார்கள். வருவது பெரும்பாலும் கூட்டம்.

நிழலை வைத்துச் செய்யக்கூடியவை

நிழற்கடிகாரம் எல்லோருக்கும் தோன்றும் யோசனை. எல்லோரும் தவறு செய்யும் இடமும் அதுதான். கடையில் கிடைக்கும் அலங்காரக் கடிகாரம் வேறொரு அட்சரேகைக்குச் செய்யப்பட்டிருக்கும். நிழல் தரும் முள் பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அதாவது தரையோடு அது செய்யும் கோணம் உங்கள் ஊரின் அட்சரேகைக்குச் சமம். 1727 முதல் 1734 வரை இரண்டாம் ஜெய்சிங் கட்டிய ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர் வானாய்வகத்தில் சாம்ராட் யந்திரம் என்ற 27 மீட்டர் உயர நிழற்கடிகாரம் 27 பாகையில் சாய்ந்திருப்பதற்கு ஜெய்ப்பூரின் அட்சரேகைதான் காரணம். அதன் நிழல் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. பார்த்துக்கொண்டே நிற்கலாம், நகர்வது தெரியும். உயரம் கூடக்கூட நிழலின் ஓட்டம் தெளிவாகும் என்பதால், கொஞ்சம் பெரிதாகக் கட்ட இடமிருந்தால் தயங்க வேண்டாம்.

குழந்தைகளுக்குப் பிடித்தது, ஆளே முள்ளாக நிற்கும் கடிகாரம். தரையில் மாதங்கள் எழுதிய நடுக்கோட்டில் இன்றைய தேதியின்மேல் நின்றால், சுற்றியுள்ள நீள்வட்டத்தில் உங்கள் நிழல் மணியைக் காட்டும். ஆனால் இதை எங்கும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. நீள்வட்டத்தின் குறுக்களவு, நெடுக்களவை அட்சரேகையின் சைனால் பெருக்கிய அளவு. 50 பாகை அட்சரேகையில் அது நான்கில் மூன்று பங்கு, நல்ல உருண்டையான வடிவம். 10 பாகையில் ஆறில் ஒரு பங்குதான். நீள்வட்டம் தட்டையாகிவிடும், மாதக்கோடு வட்டத்தைத் தாண்டி வெளியே நீளும், படிக்கவே முடியாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் இதை விட்டுவிட்டு, அச்சுக்கு இணையான கம்பியும் அரைவளையமுமாக அமையும் கடிகாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எதை வைத்தாலும், கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு "இது தப்பாகக் காட்டுகிறதே" என்று வருகிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சு சாய்வு. இவற்றால் நவம்பர் தொடக்கத்தில் நிழல் சுமார் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தும். உங்கள் ஊருக்கும் நாட்டின் நேரம் கணக்கிடப்படும் தீர்க்கரேகைக்கும் உள்ள தூரம் தனி. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இரண்டையும் சேர்த்து ஒரு திருத்த வரைபடத்தைப் பக்கத்துக் கல்லில் செதுக்கிவிடுங்கள். "தப்பு" என்று ஆரம்பித்தவரே அந்த வரைபடத்தின் முன் அதிக நேரம் நிற்பார்.

நேரான தூண் ஒன்றையும் நிறுத்துங்கள். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டது நண்பகல் நிழலின் கோணத்தை வைத்துத்தான். எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் நிழல் 7.2 பாகை, அதே நாளில் தெற்கே சையீனில் நிழலே இல்லை. 7.2 பாகை என்பது வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைப்போல் ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு. ஒரே தீர்க்கரேகையை ஒட்டி வடக்கிலோ தெற்கிலோ சில நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளியைப் பிடித்து ஒரே நாளில் அளந்தால், மாணவர்களே பூமியை அளந்துவிடலாம்.

செடிகள்

தோட்டக்காரரைக் கேட்டால் நன்றாக வளர்வதைச் சொல்வார். காப்பாளரைக் கேட்டால் வரலாறுள்ளதைச் சொல்வார். இருவரும் ஒத்துக்கொள்ளும் பட்டியல்தான் உங்களுக்கு வேண்டும். நியூட்டனின் ஆப்பிள் மரம் நல்ல எச்சரிக்கை. அவர் பிறந்த ஊல்ஸ்தார்ப் பண்ணையில் இருந்த மூலமரம் 1820-இல் புயலில் சாய்ந்து, பின்பு துளிர்த்தது. அதன் ஒட்டுக்கன்றுகள் உலகெங்கும் நிற்கின்றன. உடனே நமக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசை வரும். ஃபிளவர் ஆஃப் கென்ட் என்ற அந்த ஆப்பிள் ரகத்துக்குக் குளிர்காலம் வேண்டும். குளிரே இல்லாத ஊரில் அது பூக்காமல் வாடி நிற்கும். புகழ் பெற்ற மரத்தை நடுவதைவிட, அந்தந்த மண்ணில் செழிக்கும் ஒரு சோதனையை நடுவது மேல்.

அப்படிச் சில. 1729-இல் பிரெஞ்சு அறிவியலாளர் தெ மெய்ரான், தொட்டாற்சிணுங்கி என்று கருதப்படும் செடியை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் இல்லாமலே இலைகள் தினமும் அதே நேரத்தில் விரிந்து மூடின. உயிர்களுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்ற ஆய்வுக்கு அதுதான் தொடக்கம். ஒரு தொட்டி, ஒரு மரப்பெட்டி, பெட்டியில் எட்டிப் பார்க்க ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான் செலவு.

17-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர் வான் ஹெல்மாண்டின் வில்லோ மரம் இன்னொன்று. சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் 2 கிலோவுக்குச் சற்றே கூடிய கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 77 கிலோ ஆனது, மண் 60 கிராம்கூடக் குறையவில்லை. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு செய்தார். அளவீடு சரி, முடிவு பாதி தவறு, காற்றில் இருக்கும் கரியமில வாயுவை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் ஊரில் வளரும் எந்த மரக்கன்றையும் பெரிய தொட்டியில் வைத்து ஆண்டுதோறும் எடை போட்டுப் பலகையில் எழுதலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது டார்வினின் களைப் பாத்தி. 1857-இல் அவர் தன் தோட்டத்தில் 3 அடிக்கு 2 அடி நிலத்தைக் கொத்திச் சுத்தமாக்கி, முளைத்த ஒவ்வொரு களையையும் குறித்துவைத்தார். 357 முளைத்தன. 295 அழிந்தன, பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளும் தின்று. பிழைப்புப் போராட்டம் என்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்டவே முடியாது. நான்கு பலகை அடித்துச் சட்டம் போட்டு, நூலால் சின்னக் கட்டங்கள் பிரித்து, முளைக்கும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி செருகுங்கள். செடி செத்தாலும் குச்சியை எடுக்காதீர்கள். பருவ முடிவில் குச்சிகள் மட்டும் நிறைய நிற்கும் அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே புரியும். துப்புரவுப் பணியாளரிடம் "இங்கே களை எடுக்க வேண்டாம்" என்று எழுத்தில் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் முதல் வாரத்திலேயே சுத்தமாகிவிடும்.

மெண்டலின் பட்டாணிக்கு அதிக இடம் வேண்டாம். பிர்னோவின் புனித தாமஸ் மடத்தில் 1856 முதல் 1863 வரை அவர் சுமார் 28,000 செடிகளைப் பார்த்தது சுமார் 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள துண்டு நிலத்தில். அந்த அளவைத் தரையில் கல்லால் குறித்துவிட்டு, ஒரு மூலையில் மட்டும் நெட்டையும் குட்டையுமாகப் பட்டாணி வளர்த்தாலும் விஷயம் வந்து சேரும்.

சாயமும் மருந்தும் ஒரே பாத்தியில் வரலாம். மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்த 18 வயது வில்லியம் பெர்க்கினுக்கு 1856-இல் கிடைத்தது ஊதாச் சாயம். 1868-இல் மேடர் செடியின் சிவப்பு ஆய்வகத்தில் தயாரானது. 1897-இல் அவுரி தரும் நீலமும் செயற்கையாகச் சந்தைக்கு வந்தது. மேடர், அவுரி, பக்கத்தில் குயினைன் தரும் சின்கோனா என்று நட்டால் ஒரு தொழில்புரட்சியே நடந்து முடிந்துவிடும். சின்கோனா குளிர்ந்த மலைப்பகுதிகளில்தான் நன்றாக வரும். மற்ற இடங்களில் அதன் இடத்தை வெறுமையாக விட்டு ஒரு பலகை வைக்கலாம். நித்தியகல்யாணி வெப்பமான ஊர்களில் எங்கும் வளரும். நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று தேடியபோது, 1958-இல் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் அதிலிருந்து கிடைத்தது.

நித்தியகல்யாணியும் நச்சுதான். 1785-இல் வித்தரிங் என்ற மருத்துவர் இதய நோய்க்குப் பயன்படுத்தியதை எழுதிய ஃபாக்ஸ்குளோவ் இன்னும் மோசம். நச்சுச் செடிகளைக் கைக்கெட்டாத உள்வரிசையில் வையுங்கள், எச்சரிக்கையைப் படத்தோடு எழுதுங்கள். இன்னொரு பக்கம் செடித் திருட்டும் உண்டு, அதுவும் புதிதில்லை. 1545-இல் இத்தாலியில் தொடங்கிய பதுவா மூலிகைத் தோட்டத்தைச் சுற்றி 1552-இல் எழுந்த வட்டச் சுவருக்குக் காரணமே திருட்டு.

லின்னேயஸின் பூக்கடிகாரத்தை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். எந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும் என்று 1751-இல் அவர் வெளியிட்ட பட்டியல் ஸ்வீடனின் உப்சாலா ஊரின் நீண்ட கோடைப் பகலுக்கானது. உங்கள் ஊரில் அதே செடிகள் வேறு நேரம் காட்டும். அதைப் பிரதி எடுக்காமல், உள்ளூர்ப் பூக்களை ஓராண்டு கவனித்து உங்கள் பட்டியலை நீங்களே தயாரியுங்கள்.

தூரம்

நீளமான பாதை இருந்தால் சூரியக் குடும்பத்தை அளவு சுருக்கி நிறுத்தலாம். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவு வசதியானது. சூரியன் 14 செ.மீ. பந்து, பூமி 1.3 மி.மீ. மணியாக 15 மீட்டர் தள்ளி, வியாழன் 78 மீட்டரில், நெப்டியூன் 450 மீட்டரில். இடம் குறைவென்றால் சனியோடு நிறுத்திவிடுங்கள், 143 மீட்டர். தொலைநோக்கி வரும் வரை மனிதருக்குத் தெரிந்த குடும்பம் அவ்வளவுதான், ஆகவே அது குறையே இல்லை, வரலாறு. செய்யக் கூடாதது ஒன்று உண்டு: கோள்கள் "சரியாகத் தெரியவில்லை" என்று பந்துகளை மட்டும் பெரிதாக்குவது. அந்தச் சின்ன மணியும் அடுத்த மணிக்கான நடையும்தான் மொத்தப் பாடமே.

வானிலை மூலை

வெள்ளை அடித்த, பக்கமெல்லாம் சாய்ந்த சட்டங்கள் வைத்த ஸ்டீவன்சன் பெட்டி 19-ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. உள்ளே இருக்கும் வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டி புல்தரையில், கதவைத் திறக்கும்போது வெயில் உள்ளே விழாத திசை பார்த்து. மழைமானியிலிருந்து மரமோ சுவரோ தன் உயரத்தைப்போல் குறைந்தது இருமடங்கு தள்ளி நிற்க வேண்டும். கொரியாவில் செஜோங் மன்னர் காலத்தில், 15-ஆம் நூற்றாண்டிலேயே, ஊர்தோறும் ஒரே அளவில் மழைமானி வைத்து அளந்தார்கள் என்பதையும் அங்கே சொல்லலாம். தினமும் அளந்து எழுத ஆள் இல்லையென்றால் இந்த மூலையே வேண்டாம்.

பெரிய பொருள்கள்

நீராவி இயந்திரம், ராக்கெட், பழைய ரேடார் என்று உள்ளே நுழையாதவற்றை வெளியே வைக்கச் சொல்வார்கள். அசல் பொருள் வெயிலிலும் மழையிலும் கரையும். ஹூஸ்டனில் 1977 முதல் வெட்டவெளியில் கிடந்த சாட்டர்ன் 5 ராக்கெட்டில் துருவேறி, செடி முளைத்து, பறவைகள் குடியேறின. பிறகு பெரிய செலவில் சீரமைத்து அதற்கென்றே கட்டடம் எழுப்பினார்கள். அசல் என்றால் கூரை, பிரதி என்றால் திறந்தவெளி, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எதிரெதிரே வைத்த இரண்டு குழிந்த தட்டுகளில் ஒருவர் கிசுகிசுத்தால் தொலைவில் இருப்பவருக்குக் கேட்கும் விளையாட்டை வைக்க விரும்பினால், அதோடு 1928 முதல் 1930 வரை இங்கிலாந்தின் டெஞ்சில் கட்டிய காங்கிரீட் ஒலிக் கண்ணாடிகளின் கதையையும் சேருங்கள். வரும் விமானத்தின் இரைச்சலைப் பிடிக்கக் கட்டியவை அவை. ரேடார் வந்ததும் பயனற்றுப் போயின.

பலகைகள்

ஒரு பலகைக்கு 60, 70 சொல்லுக்கு மேல் வேண்டாம். முதல் வரி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லட்டும்: "இங்கே நில்லுங்கள், நிழலின் நுனியைப் பாருங்கள்." யார், எப்போது என்பதெல்லாம் அடுத்த வரிகளில். பலகையைச் சாய்வாக, சக்கர நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கும் எட்டும் உயரத்தில் வையுங்கள். படிப்பவர் பொருளைப் பார்த்து நிற்க வேண்டும், முதுகைக் காட்டி அல்ல. முகத்தில் வெயில் அடிக்கும் பக்கமும் வேண்டாம். முதல் ஆண்டுக்கு மலிவான தற்காலிகப் பலகைகளே போதும். மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு உலோகத்தில் பொறியுங்கள்.

இரவு

இரவில் வானம் பார்க்க ஒரு திடல் விடுங்கள். விளக்குகள் கீழ்நோக்கி மட்டும் ஒளிர வேண்டும், மஞ்சள் சாய்ந்த மெல்லிய ஒளி, தேவையற்ற நேரத்தில் அணையும் ஏற்பாடு. திடலைச் சுற்றி முழங்கால் உயரத்தில் சிவப்பு விளக்கு வைத்தால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. மரத்துக்கு அடியிலிருந்து மேல்நோக்கி ஒளி அடிக்கும் அலங்காரத்தை யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கட்டும் வரிசை

முதலில் வடிகால், நிலத்தடிக் குழாய்கள், மின்கம்பிகள். அடுத்து நேர்பாதை. பிறகு மரங்கள், அவை வளர ஆண்டுகள் ஆகும் என்பதால். நிழற்கடிகாரமும் வடக்குக் கோடும் தரை முழுவதும் இறுகிப் படிந்த பிறகே. அதற்கு முன் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் சாய்ந்துவிடும். சுற்றுப்பாதையைக் கல் பதிக்காமல் முதலில் கயிறும் சுண்ணாம்பும் வைத்து வரைந்து, ஒரு பள்ளிக் கூட்டத்தை நடக்கவிட்டுப் பாருங்கள். புல்லை மிதித்து அவர்கள் போடும் குறுக்குவழியைத் தடுக்காமல் பாதையாக்கிவிடலாம்.

பராமரிப்புக்கான ஆளையும் பணத்தையும் திட்டத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு செடிக்கும் எண், எங்கிருந்து வந்தது, எப்போது நட்டது என்று பதிவேடு வேண்டும். செத்ததையும் அதில் எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கடிகார முள்ளின் கோணம், தூணின் செங்குத்து, வடக்குக் கோடு மூன்றையும் சரிபார்க்க ஒரு தேதி குறித்து, அந்த வேலையை யார் செய்வார் என்பதையும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.